மெசினுக்குச் சுத்தின வெள்ளை நாடா

லவ் பேர்ட்ஸ் ரெண்டும் கூட்டுக்கு அடியில மல்லாந்து கிடந்ததை முதல்ல கண்டது நான்தான். கடையால வந்து கையில பையோட நிக்கிறன், சப்பாத்துக் கூடக் கழட்டேல்லை. வீட்டுக்குள்ள கால் வைச்சவுடனயே ஏதோ ஒண்டு குறையுதெண்டு காதுக்குத் தெரிஞ்சுது. சனிக்கிழமை எண்டால் அந்த ரெண்டும் கத்துற கத்தில எங்கட வீட்டில ரீவி கேட்கேலாது. அண்டைக்கு ஒரு சத்தமில்லை. எட்டிப் பாத்தால் பச்சையும் நீலமும் பக்கத்துப் பக்கத்தில, கால் மேல, சொண்டு திறந்தபடி. காலமை நான் தினை போடேக்க கையைக் கொத்தின சீவன்கள்.

என்ர மனுசன் குசினிக்குள்ள கதிரையில இருந்து தன்ர மெசினைத் துடைச்சுக்கொண்டு இருந்தார். யன்னல் எல்லாம் இறுக்கிப் பூட்டு. குருவி ரெண்டும் செத்துப்போச்சு எண்டு சொன்னன். நான் பகிடி விடுறன் எண்டு நினைச்சு அவர் நிமிர்ந்து கூடப் பாக்கேல்லை. இப்ப கொஞ்சம் முந்தித்தானே கத்தினது எண்டார். பிறகு எழும்பி வந்து கூட்டைப் பாத்தவர், கையில இருந்த துணியை விட்டிட்டுக் கூட்டைத் தட்டினார்.

அந்தக் குருவியள் மகளின்ரை. அவள் படிப்பு முடிச்சு ஓர்லிகோன் எண்ட ஊர்ப் பக்கம் வேலை கிடைச்சுப் போகேக்க எங்களிட்ட விட்டிட்டுப் போனவள். இந்த நாட்டில லவ் பேர்ட்ஸைத் தனிய ஒண்டா வளர்க்கேலாது. சோடியாத்தான் வைச்சிருக்கோணும் எண்டு சட்டம். தனிய விட்டால் அதுகளுக்கு மனவருத்தம் வந்திடுமாம். இதை மகள் சொல்லேக்க நான் விழுந்து விழுந்து சிரிச்சனான். அகதியா வந்து காம்பில தனிய வருசக் கணக்காக் கிடந்த என்ர மனுசனுக்கு இல்லாத சட்டம் குருவிக்கு இருக்குதே எண்டு. ஆனால் தினமும் தண்ணி வைச்சுத் தினை போட்டால் பாசம் வராமல் போகுமோ? ஒண்டு செத்தால் வருத்தம் எண்டு நினைச்சிருப்பன். ரெண்டும் ஒரே நேரத்தில எப்பிடிச் சாகும்? கண்ணூறோ, தினையில பூச்சி மருந்தோ, ஆரும் ஏதும் செய்துபோட்டினமோ எண்டெல்லாம் என்ர விசர் மண்டை ஓடிச்சுது. மகளுக்கு என்னெண்டு சொல்லுறது எண்டு நான் யோசிச்சுக்கொண்டு நிண்ட நேரம், உண்மையில நடந்துகொண்டு இருந்தது வேற.

மெசின் எங்கட வீட்டுக்கு வந்த கதையை நான் அதுவரைக்கும் ஒருத்தருக்கும் சொன்னதில்லை. அவர் பைப் வேலை. நாங்கள் இருக்கிற இந்த எம்மன்புரூக்கே ஊரில எத்தினையோ கட்டடங்களின்ர சுவருக்குள்ள அவர் பூட்டின பைப்புகள் ஓடுது. குனிஞ்சு நிமிர்ந்து, தலைக்கு மேல கையைத் தூக்கித் தூக்கி, கடைசியில கழுத்திலயும் தோள்மூட்டிலயும் நரம்பு நெரிஞ்சு போச்சு. ஒப்பரேசன் செய்தும் நோ போகேல்லை. மாத்திரை போட்டால் பகல் முழுக்க மந்தமா இருப்பார், மாத்திரை இல்லாட்டி இரவு முழுக்க வீட்டுக்குள்ள நடப்பார். நோவுக்கெண்டு தனியாப் பாக்கிற டொக்டர் ஒருத்தர் இருக்கிறார், அவரிட்டப் போனம். அவர் எல்லாத்தையும் கேட்டுப்போட்டு, கஞ்சாப் பூ எழுதித் தாறன் எண்டார்.

எனக்கு மண்டையில அடிச்ச மாதிரி இருந்துது. மன்னாரில நான் வளர்ந்த தெருவில அந்தச் சொல்லை வீட்டுக்குள்ள சொன்னாலே வாயில அடி விழும். இஞ்ச என்னடா எண்டால் டொக்டர் எழுதித் தாறார். மருந்துக்கடைக்காரி இருமல் பாணி குடுக்கிற மாதிரிப் பேர் ஒட்டின டப்பாவில போட்டுச் சிரிச்சுக்கொண்டு தாறா. பத்த வைச்சுப் புகைக்கக் கூடாது, புகை நெஞ்சுக்குக் கூடாது, இதுக்கெண்டு ஒரு மெசின் இருக்கு, அது பூவை எரிக்காமல் சூடாக்கும், வாற ஆவியை மட்டும் இழுத்தால் போதும் எண்டு டொக்டர் விளங்கப்படுத்தினார். மெசின் எண்டால் பெரிய சாமான் இல்லை. உள்ளங்கைக்குள்ள அடங்கும். கீழ சூடேறுற சின்னக் கிண்ணம், மேல வாய் வைக்கிற மூடி, நடுவில ஆவி வெளிய போகாமல் இருக்க ஒரு சிலிக்கோன் வளையம், வாசர் எண்டுறது. நாங்கள் வீட்டில அதை மெசின் எண்டு மட்டும்தான் சொல்லுவம். அதின்ர சரியான பேரைச் சொல்ல ரெண்டு பேருக்கும் வெக்கம்.

பொய் சொல்லக் கூடாது, அது வேலை செய்தது. முதல் முறை அவர் நோவில்லாமல் நித்திரை கொண்ட அண்டைக்கு நான் பக்கத்தில கிடந்து சத்தம் போடாமல் அழுதனான். சந்தோசத்தில வந்த அழுகை.

ஆனால் மணம். அவர் எங்கட தமிழ்ப் பங்குக் கோயிலில பாடற்குழுவை நடத்துறவர். பூசைக்கு முதல் பாட்டை அவர் எடுத்தால்தான் மற்றவை வாய் திறப்பினம். எங்களுக்கு நேர மேல்வீட்டில இருக்கிறதும் அதே பங்குக் குடும்பம். கறி வைச்ச மணம் கோட்டில ஏறிடும், பஸ்சில வெள்ளையள் மூக்கைச் சுழிப்பினம் எண்டு மீன் பொரிக்க முதல் கோட்டெல்லாத்தையும் அலுமாரிக்குள்ள வைச்சுப் பூட்டுற சனம் நாங்கள். மீன் மணத்துக்கே இந்தப் பாடு எண்டால் கஞ்சா மணத்துக்கு என்ன பாடு பட்டிருப்பார் எண்டு யோசிச்சுப் பாருங்கோ. நான் சொன்னன், டொக்டர் தந்த மருந்துக்கு ஏன் கூச்சப்படுறியள், மேல்வீட்டாருக்கு நான் போய்ச் சொல்லிப்போட்டு வாறன் எண்டு. அவர் என்னைப் பாத்த பார்வையில நான் அந்தக் கதையை அதோட விட்டன். குசினியில வைச்சு எடுத்தால் மணக்கும் எண்டு பல்கனியில போய் நிண்டு, காத்து எந்தப் பக்கம் அடிக்குதெண்டு பாத்துப் பாத்துத்தான் எடுக்கிறவர்.

சில மாசம் போக அந்த வாசர் இறுகி, வெடிச்சுப் போச்சு. நெடுகச் சூடு பட்டால் ரப்பர் எண்டாலும் சிலிக்கோன் எண்டாலும் ஒரு நாளைக்குக் களைச்சுப் போகும்தானே. அது இறுகினால் வந்து சொல்லுங்கோ, மெசின் செய்த இடத்தின்ர வாசரையே எடுப்பிச்சுத் தாறம், வேற ஒண்டும் போடாதையுங்கோ எண்டு மருந்துக்கடைக்காரி முதல் நாளே சொல்லியிருந்தவ. நான் வேலை செய்யிற அல்டர்ஸ்ஹைம் எண்ட முதியோர் இல்லக் குசினியிலயும் இதே சட்டம்தான். வயசான சனத்துக்குச் சாப்பாடு அவிக்கிற பெரிய அடுப்பின்ர கதவு ரப்பரை, திருத்த வாறவர் தொட்டுப் பாத்து, கொஞ்சம் இறுகினாலே கழட்டி எறிஞ்சுபோட்டுப் புதுசு போடுவார். நல்ல ரப்பரை எறியிறானே எண்டு நான் மனசுக்குள்ள ஏசியிருக்கிறன்.

எடுப்பிக்கச் சொல்லிப் போய்ச் சொல்லுங்கோ எண்டு இவருக்கு நான் எத்தினை தரம் சொன்னனான். போகமாட்டன் எண்டுபோட்டார். ஏனெண்டால் அந்த மருந்துக்கடையில புதுசா ஒரு தமிழ்ப் பிள்ளை வேலைக்கு வந்திட்டுது. டப்பாவை வாங்குறது பரவாயில்லை, வாயை மூடிக்கொண்டு வாங்கலாம். இந்த மெசினுக்கு வாசர் வேணும் எண்டு அந்தப் பிள்ளையிட்டக் கேட்கோணுமே. அவள் தாய்க்குச் சொல்லுவாள், தாய் செபமாலைக் கூட்டத்தில சொல்லுவா எண்டு அவருக்குப் பயம். அதுக்கு மேல கெப்பர் வேற. எத்தினை வீட்டுக்குப் பைப் பூட்டின எனக்கு ஒரு வாசர் அடைக்கத் தெரியாதோ எண்டு கெல்லருக்கு இறங்கிப் போனார். நிலத்துக்குக் கீழ எங்களுக்கு ஒரு சின்னச் சாமான் அறை இருக்கு, அங்கதான் அவரின்ர பழைய ஆயுதப் பெட்டி. திரும்பி வரேக்க மெசினின்ர கழுத்தைச் சுத்தி வெள்ளை நாடா.

பைப் வேலை செய்யிற ஆக்களைத் தெரிஞ்சவைக்கு அந்த நாடாவைத் தெரியும். மெல்லிசா, மெத்தெண்டு, இழுத்தால் நீளும். பைப்பின்ர புரியில சுத்தி இறுக்கினால் ஒரு சொட்டுத் தண்ணி ஒழுகாது. எங்கட வீட்டில ஷவருக்கு அது, குசினிப் பைப்புக்கு அது, ஒழுகுற கேத்திலுக்கும் அது. இந்த வீட்டில நாடா சுத்தாமல் மிஞ்சியிருக்கிறது நான் மட்டும்தான் எண்டு அவரை நக்கலடிக்கிறனான். மெசினுக்குச் சுத்தினதைப் பாத்தும் அப்பிடித்தான் ஏதோ சொல்லிச் சிரிச்சன். சுடுதண்ணிப் பைப்புக்கே நிண்டு பிடிக்கிற சாமான், இதுக்கு நிக்காதோ எண்டார். நியாயமாத்தான் எனக்கும் பட்டுது. மணமும் நிண்டுபோச்சு. அவருக்கு முகமெல்லாம் பூரிப்பு.

அதுக்குப் பிறகுதான் இடைக்கிடை அந்தக் காய்ச்சல் வரத் தொடங்கினது. பின்னேரம் போலக் குளிரும், உடம்பு உலுப்பும், நெஞ்சு அடைக்குது எண்டுவார். நான் இஞ்சியும் மல்லியும் அவிச்சுக் குடுத்து நெஞ்சுக்குத் தைலம் பூசி விடுவன். விடிஞ்சால் ஒண்டுமே நடக்காத மாதிரி எழும்பித் தேத்தண்ணி கேட்பார். ஊரெல்லாம் காய்ச்சல் திரியுது, இவருக்கும் பிடிச்சிருக்கு எண்டுதான் நாங்கள் நினைச்சம். மெசினையும் காய்ச்சலையும் ஒண்டாச் சேர்த்து யோசிக்க எங்களுக்கு ஒரு நியாயமும் இருக்கேல்லை. நோவைக் குறைக்கிற சாமான் வருத்தத்தைக் குடுக்கும் எண்டு ஆர் நினைப்பினம்?

குருவி செத்த சனிக்கிழமை மழை. மேல்வீட்டாருக்கு விருந்தாள் வந்து, பல்கனியில நிண்டு கதைச்சுக்கொண்டு இருந்தவை. அதால இவர் பல்கனிக்குப் போகேல்லை. குசினிக்குள்ளயே இருந்து, யன்னல் எல்லாம் பூட்டி, வாசல் கதவுக்கு அடியில ஈரத் துவாயும் வைச்சிருக்கிறார். அண்டைக்கு நோவும் கூட. மெசினைக் கூடின சூட்டில விட்டுட்டார். விருந்தாக்களின்ர மூக்குக்கு எட்டக் கூடாதெண்டு புது நாடா எடுத்து மொத்தமாச் சுத்தி, சூடேறுற கிண்ணத்தின்ர விளிம்புக்குள்ளயும் மடிச்சு விட்டிருக்கிறார். குசினிக்கும் குருவிக் கூடு இருக்கிற அறைக்கும் இடையில கதவில்லை. இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிஞ்சது. அந்த நேரம் நான் கடையில நிண்டு நல்ல முருங்கைக்காய் தேடிக்கொண்டு இருந்தனான்.

குருவியளைச் சப்பாத்துப் பெட்டிக்குள்ள வைச்சு நான் மூட, அவருக்கு உலுப்பத் தொடங்கிச்சுது. வழமையான காய்ச்சல் எண்டு படுக்க விட்டன். ஞாயிறு விடிய அவர் கட்டிலில இருந்து கழிப்பறைக்குப் போகேலாமல் சுவரைப் பிடிச்சுக்கொண்டு நிண்டார். சொண்டு நீலம். வாயைத் திறந்து திறந்து மூச்சை எடுக்கிறார். எடுக்கிற மூச்சு உள்ள போகேல்லை. அம்புலன்சுக்கு அடிக்கப் போக, வேண்டாம், பூசைக்கு வெளிக்கிடுற நேரம், மேல்வீட்டார் பாப்பினம் எண்டு கையைப் பிடிச்சு மறிக்கிறார். அந்த நிலையிலயும் அவர் எனக்குச் சொன்ன வேலை, மெசினை அலுமாரிக்குள்ள வைச்சுப் பூட்டும் எண்டது. உங்களுக்கு என்ன விசரோ எண்டு கத்திப்போட்டு போனை எடுத்தன்.

ஆசுப்பத்திரி அவசரப் பிரிவான நோட்ஃபாலில ஒக்சிசன் வைச்சு, படம் எடுத்துப் பாத்தால் நெஞ்சின்ர ரெண்டு பக்கமும் பனிப் புகார் மூடின மாதிரி வெள்ளை. என்ன மருந்து எடுக்கிறனீங்கள் எண்டு கேட்டதுக்கு அவர் மூச்சு வாங்க வாங்க மாத்திரையின்ர பேரை மட்டும் சொன்னார். நானும் மெசினைப் பெரிசா நினைக்கேல்லை. நெஞ்சில கிருமி எண்டு நினைச்சு ஊசி மருந்து ஏத்திச்சினம். கேட்கேல்லை. திங்கள் காலமை ஒக்சிசனைக் கூட்டிச்சினம். இளம் டொக்டர் பொம்பிளை ஒருத்தி வந்து, இப்பிடியே போனால் மயக்கி, தொண்டைக்குள்ளால குழாய் விட்டுச் செயற்கையா மூச்சுக் குடுக்க வேண்டி வரும் எண்டா. இஞ்சத்தைப் பாசையான டொச்சில அவருக்குத் தெரிஞ்சது கட்டட வேலை டொச், எனக்குத் தெரிஞ்சது குசினி டொச். இதெல்லாம் வடிவா விளங்கோணும் எண்டு மொழிபெயர்க்க ஒரு தமிழ் ஆளைக் கூப்பிட்டிருக்கிறா.

கதவைத் திறந்துகொண்டு வந்தவவைக் கண்டதும் இவரின்ர முகம் செத்துப் போச்சு. எங்கட பங்குதான். என்னை அக்கா எண்டுவா, இவரை அண்ணை எண்டுவா. அவவின்ர மனுசன் பாடற்குழுவில இவருக்குப் பக்கத்தில நிண்டு பாடுறவர். அவருக்குத் தொழிற்சாலையில இரவு வேலை, சின்னனில இருந்து முட்டு வருத்தம், பையில எந்த நேரமும் மூச்சு மருந்து வைச்சிருப்பார். அவ ஒரு நல்ல பிள்ளை, வேலையில சுத்தம். இஞ்ச கதைக்கிறது ஒண்டும் இந்த அறையை விட்டு வெளிய போகாது, நீங்கள் சொல்லுறதை நீங்களே சொல்லுற மாதிரி 'நான்' எண்டுதான் டொச்சில சொல்லுவன் எண்டு முதல்லயே சொன்னா. அந்தச் சட்டம் எங்கட ஆக்கள் எல்லாருக்கும் தெரியும். ஆனால் நம்புறதுக்குத்தான் ஒருத்தரும் இல்லை.

டொக்டர் ஒவ்வொண்டாக் கேட்டா. தூசி வேலை செய்தவரோ, வெளிநாடு போனவரோ, வீட்டில பூஞ்சணம் இருக்கோ, வளர்ப்பு மிருகம் இருக்கோ. குருவி இருந்தது, சனிக்கிழமை ரெண்டும் ஒண்டாச் செத்துப்போச்சு எண்டு நான் சொன்னன். அது டொச்சில போய்ச் சேர்ந்தவுடன டொக்டர் எழுதுறதை நிப்பாட்டிப்போட்டு என்னைப் பாத்தா. ஒட்டாத சட்டியை வெறுமன அடுப்பில வைச்சு மறந்தனீங்களோ எண்டு கேட்டா. நாங்கள் எவர்சில்வர் சட்டியில சமைக்கிற ஆக்கள், இல்லை எண்டன். அந்தச் சட்டியில பூசுற சாமான் அளவுக்கு மிஞ்சிச் சூடானால் ஒரு வாயு வரும், முதல்ல குருவிதான் சாகும், அதே காத்துத்தான் மனுசற்ர நெஞ்சையும் பழுதாக்கும் எண்டா. சட்டியில மட்டுமில்லை, வேற சாமானிலயும் அது இருக்கு, பைப்புக்குச் சுத்திற வெள்ளை நாடாவும் அதாலதான் செய்யிறது எண்டு அந்தப் பிள்ளை தமிழில சொல்லி முடிக்க முதல் நான் கதிரையை விட்டு எழும்பிட்டன்.

நான் இவரைப் பாத்தன். இவர் முகமூடிக்குள்ளால என்னைப் பாத்து, தலையை மெதுவா இல்லை எண்டு ஆட்டினார். சொல்லாதையும் எண்டு அர்த்தம்.

சொன்னன். கஞ்சாப் பூ, மெசின், வெடிச்ச வாசர், நாடா, பூட்டின யன்னல், காய்ச்சல், எல்லாத்தையும் ஒரே மூச்சில தமிழில கொட்டித் தள்ளினன். அந்தப் பிள்ளை ஒரு சொல்லுக் குறையாமல் டொச்சில சொன்னா. முகத்தில ஒரு மாத்தமும் காட்டேல்லை, அதுக்கு நான் இண்டைக்கும் அவவைக் கும்பிடுவன். டொக்டர் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தா. மெசினில காட்டுற சூடு, ஆவியின்ர சூடாம். அடியில இருக்கிற இரும்பு அதை விடக் கூடச் சூடா இருக்குமாம். தண்ணிப் பைப்பின்ர சூட்டுக்கு அந்த நாடாவால ஒரு கெடுதியும் இல்லை, சூடேறுற இரும்பில நேர முட்டினால்தான் அது பிரிஞ்சு நஞ்சாகுமாம். அந்த நஞ்சு மூக்குக்குப் பிடிபடுறதும் குறைவு எண்டா. என்ர மனுசன் மணத்துக்குப் பயந்து, மணமில்லாத ஒண்டை இழுத்து இழுத்து நெஞ்சுக்குள்ள விட்டிருக்கிறார்.

ஆனால் அதோட டொக்டரின்ர முகம் தெளிஞ்சுது. என்னத்துக்கு மருந்து குடுக்கிறம் எண்டு இப்ப தெரியும், குழாய் விட வேண்டி வராது எண்டு நினைக்கிறன், இனி அந்தக் காத்தை இழுக்காட்டி நெஞ்சு தானா ஆறி வரும் எண்டா. முந்தியே நெஞ்சு வருத்தம் உள்ள ஆளா இருந்திருந்தால் கதை வேற எண்டும் சொன்னா. மாதாவே, என்ர மனுசன் பிழைச்சிட்டார் எண்டு நான் முந்தானையால வாயைப் பொத்திக்கொண்டு அழுதன்.

பிறகு டொக்டர் அவரையே கேட்டா, எப்ப தொடக்கம் சுத்தினனீங்கள், எவ்வளவு நாடா, கடைசியா எவ்வளவு நேரம் இழுத்தனீங்கள் எண்டு. இவர் வாயைத் திறக்கேல்லை. கண் அந்தப் பிள்ளையில நிக்குது. டொக்டர் திருப்பிக் கேட்டா. இவர் என்னைப் பாத்து, இந்தப் பிள்ளையை வெளிய அனுப்பும், வேற ஆரையும் கூப்பிடச் சொல்லும் எண்டு முனகினார்.

எனக்கு வந்துதே ஒரு கோபம். எல்லாத்தையும் நானே சொல்லி முடிச்சுப்போட்டன், இனிப் பொத்திறதுக்கு என்ன கிடக்கு? ரெண்டு நாளா மனுசி செத்துச் செத்துப் பிழைக்கிறாள், இந்தாளுக்கு இப்பவும் பங்குச் சனம் என்ன நினைக்குமெண்டுதான் கவலை. உங்களுக்கு உயிரை விட மானமோ பெரிசு, நீங்கள் செத்தால் உங்கட பாடற்குழுவோ வந்து எனக்குச் சமைச்சுப் போடும் எண்டு, டொக்டரும் நிக்கிறா எண்டு பாராமல் பேசிப்போட்டன். அந்தப் பிள்ளை அதை மட்டும் மொழிபெயர்க்கேல்லை.

இவர் முகமூடியைக் கையால விலத்தினார்.

"எனக்காக இல்லையப்பா," எண்டார் என்னைப் பாத்து. பிறகு அந்தப் பிள்ளையிட்டத் திரும்பி, "தங்கச்சி, அவர் வேலையால வந்திட்டாரோ?"

அவ விளங்காமல் என்னையும் அவரையும் மாறி மாறிப் பாத்தா. இதை டொச்சில சொல்லுறதோ விடுறதோ எண்டு தெரியேல்லைப் போல. "ஓம் அண்ணை. நான் வெளிக்கிடேக்கதான் வந்தவர். ஏன்?"

"அவரிட்டயும் ஒரு மெசின் இருக்கு. இரவு வேலையால வந்து நித்திரை வரேல்லை எண்டு, கியோஸ்க் கடையில விக்கிற வெறியில்லாத பூவை வாங்கிப் போட்டு எடுக்கிறவர். உங்களுக்குச் சொல்லக் கூடாதெண்டு என்னட்டச் சத்தியம் வாங்கினவர். அதுக்கும் வாசர் போச்செண்டு கெல்லருக்குக் கொண்டு வந்தவர், நான்தான் சுத்திக் குடுத்தனான். மொத்தமா. நீங்கள் வேலைக்குப் போன பிறகுதான் எடுப்பார்."

இவ்வளவையும் சொல்ல அவருக்கு எத்தினை மூச்சுப் பிடிச்சுது எண்டு எனக்குத் தெரியும். வெக்கத்தில வாயை மூடிக்கொண்டு இருக்கிறார் எண்டு நான் பேசின பேச்செல்லாம் திரும்பி வந்து என்ர நெஞ்சில ஏறி இருந்துது. முட்டுக்காரன். முந்தியே நெஞ்சு வருத்தம் உள்ள ஆள் எண்டு டொக்டர் சொன்னதை அந்தப் பிள்ளை தன்ர வாயாலதான் எங்களுக்குத் தமிழில சொன்னவ.

அவ இவர் சொன்னதை டொக்டருக்குச் சொன்னா. முதல் வசனத்தில இருந்து கடைசி வசனம் வரைக்கும், ஒண்டையும் விடாமல், அதே குரலில. சொல்லி முடிச்சுப்போட்டுத்தான் கைப்பையைத் திறந்து போனை எடுத்தா. நம்பர் பிழைச்சு, திரும்ப அடிச்சா. மணி போகுது. போய்க்கொண்டே இருக்குது. அறைக்குள்ள ஒக்சிசன் சீறுற சத்தமும் அந்த மணியும்தான். ஒருக்கா நிண்டு போச்சு. அவ திரும்பவும் அடிச்சா.

எடுத்தார். அந்த அமைதியில அவரின்ர குரல் எங்கள் எல்லாருக்கும் கேட்டுது.

"அந்த மெசினை நிப்பாட்டுங்கோ," எண்டா அவ.

"எந்த மெசின்?" எண்டார். அதுக்குப் பிறகு ஒரு இருமல். பிறகு இன்னொண்டு. பிறகு அது நிக்கவேயில்லை.

டொக்டருக்குத் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. எழும்பிப் போய்ச் சுவரில இருந்த போனை எடுத்து அம்புலன்சைக் கூப்பிட்டா. ஒரு கையால போனின்ர வாயைப் பொத்திக்கொண்டு அந்தப் பிள்ளையிட்ட வீட்டு விலாசத்தைக் கேட்டா.